எல்லார் கையிலும் ஒரு பேசி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் நம் சங்கத்தின் மரபு. இம்முறை செயற்குழுவினர் கைப்பேசியைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளனர். எல்லார் சட்டைப் பையிலும் கிடக்கின்ற ஒரு பொருளைப் பற்றி மேடை ஏறிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். பிறந்த ஊருக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தலைநகரில் குடியேறி வாழும் நமக்கு, தொலைவிலிருந்து வரும் குரலைப்போல் அருமையான பொருள் வேறொன்று இருந்ததில்லை. அக்குரல் எளியவர் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, இன்னும் யார் கைக்கு வரவில்லை என்பதை ஆராய்வதும் சங்கப் பணியே என்று கருதுகிறோம்.

நம் முன்னோர் இந்நகருக்கு வந்த காலத்தில் உறவுக்கு ஆதாரம் கடிதம், அவசரத்துக்குத் தந்தி. தந்திச் சேவகர் கதவைத் தட்டினால், செய்தியைப் படிக்குமுன்னரே வீட்டிலுள்ளோர் கண்கலங்கி நிற்பர். டிரங்கால் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்திருந்தவர்கள் இவ்வவையிலேயே இருக்கிறார்கள். சந்தாதாரர் தாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. முறை இந்தியாவில் முதன்முதலாகக் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960-ஆம் ஆண்டு வந்தது. அது மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கடைகளாகத் தெருத்தோறும் பரவக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இரவு பதினொரு மணிக்குமேல் கட்டணம் கால் பங்கு என்பதால், அந்நேரத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு வரிசையில் நின்ற குடும்பங்கள் எத்தனை! கடிகார எண்கள் சிவப்பாக ஓடும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே தாயிடம் நலம் விசாரித்தோம். அந்தப் பெட்டி நம் பேச்சையே சுருக்கிவிட்டது எனலாம். தந்தியோ 2013 ஜூலையில் இந்நாட்டில் அடியோடு நிறுத்தப்பட்டது.

கைப்பேசி இந்தியாவுக்கு வந்த நாள் 1995 ஜூலை 31. மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, இத்தலைநகரில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் உச்ச நேரத்துக் கட்டணம் நிமிடத்திற்குப் பதினாறு ரூபாய் அளவுக்கு இருந்தது. பேசுபவர் மட்டுமன்று, கேட்பவரும் பணம் கட்ட வேண்டும்! மகன் நலம் கேட்டால் தந்தைக்குச் செலவு என்னும் விந்தையான ஏற்பாடு. 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிறுவனங்கள் அரசுக்கு முன்கூட்டிக் கட்டவேண்டிய பெருந்தொகையை நீக்கி, வருவாயில் பங்கு தருமாறு மாற்றியது. 2003-இல் வருகின்ற அழைப்புக்குக் கட்டணம் இல்லையென்று ஆயிற்று. அதே ஆண்டில்தான் நோக்கியா நிறுவனத்தின் 1100 என்னும் சிறு கருவியும் வந்தது. தலையில் ஒரு விளக்கு, தூசி புகாத பொத்தான்கள், வழுக்காத பக்கங்கள். மின்வெட்டும் புழுதியும் நிறைந்த ஊர்களுக்கென்றே ஆராய்ந்து செய்யப்பட்ட அக்கருவி உலகெங்கும் இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்றது.

அந்நாளில் பிறந்ததே ‘மிஸ்டு கால்' என்னும் நம் நாட்டு மொழி. ஒரு மணி அடித்து நின்றால் ‘வந்து சேர்ந்தேன்', இரு மணி அடித்தால் ‘நீ கூப்பிடு'. காசின்றிச் செய்தி அனுப்பும் இக்கலையை எந்த நிறுவனமும் கற்பிக்கவில்லை. எளியோர் தாமே வகுத்துக்கொண்டனர். மக்கள் கைக்கு ஒரு கருவி வந்தால், செய்தவன் எண்ணாத பயனையெல்லாம் அவர்கள் அதிலிருந்து கறந்துவிடுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, நாம் சிறப்பாகச் சொல்ல விழைந்த நிகழ்ச்சிக்கு வருவோம். 2014 செப்டம்பர் 15-ஆம் நாள் இதே தலைநகரில் கூகிள் நிறுவனம் ‘ஆண்ட்ராய்டு ஒன்' என்னும் திறன்பேசி வரிசையை வெளியிட்டது. மேடையில் நின்று அதனை அறிமுகம் செய்தவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. அன்று அவர் அந்நிறுவனத்தின் தலைவர் அல்லர். ஆண்ட்ராய்டு, குரோம் ஆகிய பிரிவுகளின் பொறுப்பில் இருந்தார். மறு ஆண்டுதான் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. உலகில் இன்னும் இணையத்தைக் காணாத ஐந்நூறு கோடிப் பேருக்கு இக்கருவி என்று அந்நிறுவனம் அறிவித்தது. அதனை முதலில் வெளியிட்ட நாடு அமெரிக்கா அன்று, இந்தியா.

விலை 6,399 ரூபாயிலிருந்து தொடங்கியது. மைக்ரோமாக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்னும் மூன்று இந்திய நிறுவனங்கள் ஆளுக்கொரு கருவியைச் செய்து விற்றன. நாலரை அங்குலத் திரை, ஒரு ஜிபி நினைவகம், இரண்டு சிம் வைக்கும் இடம், மெமரி கார்டுக்கு ஒரு துளை, பண்பலை வானொலி ஆகியவை அவற்றில் இருந்தன. இன்று இப்பட்டியலைக் கேட்டால் இளைஞர்கள் நகைப்பார்கள். ஆனால் அவ்வேற்பாட்டின் உட்கருத்து நகைக்கத்தக்கதன்று.

அதற்கு முன்னர் மலிவான திறன்பேசி என்றாலே மட்டமான கருவி என்று பொருள். ஒவ்வொரு சிறு நிறுவனமும் கிடைத்த உறுப்புகளைக் கோத்து, ஆண்ட்ராய்டு மென்பொருளைத் தன் விருப்பம்போல் திருத்திப் போடும். விற்ற பின்னர்த் திரும்பிப் பாராது. பழைய மென்பொருளிலேயே அக்கருவி மூச்சுத்திணறிக் கிடக்கும். ஓராண்டில் படங்களே திறக்கமாட்டா. புதிய திட்டத்தில், எந்தெந்த உறுப்புகளைப் பயன்படுத்தலாம் என்று கூகிளே வகுத்துக் கொடுத்தது. மென்பொருளை நிறுவனங்கள் தொடக்கூடாது. இரண்டு ஆண்டுக்காலம் புதுப்பித்தல் நேரே வந்து சேரும். ஏழை வாங்கும் கருவிக்கும் செல்வர் வாங்கும் கருவிக்கும் உள்ளே ஓடும் மென்பொருள் ஒன்றே என்னும் கொள்கை அது. புதுப்பித்தலை இறக்கிக்கொள்ள இணையச் செலவு ஆகுமே என்பதையும் எண்ணி, ஏர்டெல் சிம் வைத்திருப்போருக்கு முதல் ஆறு மாதம் அச்செலவு இல்லாமல் செய்தார்கள்.

இவ்வளவு ஆய்ந்து செய்த திட்டம் வென்றதா? விற்பனையில் வெல்லவில்லை. ஏன் என்று வினவுவது பயனுடையது.

முதலாவது, அக்கருவிகளைத் தொடக்கத்தில் கடைகளில் விற்கவில்லை. ஃபிளிப்கார்ட், அமேசான், ஸ்நாப்டீல் ஆகிய இணையக் கடைகளிலேயே விற்றார்கள். இணையத்தையே காணாதவனுக்காகச் செய்த கருவியை, இணையத்தில் போய் வாங்கிக்கொள் என்றால் அவன் என் செய்வான்? கரோல்பாக்கின் கஃபார் மார்க்கெட்டை நம்மில் அறியாதார் இல்லை. அங்கே ஒருவர் கைப்பேசி வாங்குவதைச் சற்றே நின்று பாருங்கள். கையில் எடுத்துப் பார்ப்பார்; எடை பார்ப்பார்; ‘கெட்டுப்போனால் நீ இருப்பாயா?' என்று கடைக்காரரைக் கேட்பார். பழைய கருவியைக் கொடுத்து விலையைக் குறைப்பார். எண்களையெல்லாம் புதியதில் ஏற்றித் தரச் சொல்வார். ஆறாயிரம் ரூபாய் ஒரு மாதக் கூலியாக இருப்பவர்க்கு இந்த உரையாடலே காப்புறுதி. அதனைத் திட்டம் வகுத்த பெரியோர் கணக்கில் கொள்ளவில்லை. கடைக்காரர்களும் தமக்குப் பங்கில்லாத சரக்கைப் புகழ்ந்து பேச முன்வரவில்லை.

இரண்டாவது, போட்டி. அதே செப்டம்பர்த் தொடக்கத்தில் சீனத்து ஷாவ்மி நிறுவனம் ரெட்மி 1எஸ் என்னும் கருவியை 5,999 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. திரை பெரிது, படம் எடுக்கும் கண்ணும் மேலானது, விலையோ குறைவு. மென்பொருள் தூய்மையானதா என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் இளைஞர்கள் அப்பக்கம் போனார்கள். ஒப்பிட இயலாத எளியோருக்குச் செய்தியே எட்டவில்லை. 2017-இல் ஷாவ்மியே அந்த ஆண்ட்ராய்டு ஒன் பெயரில் மி ஏ1 என்னும் கருவியை வெளியிட்டது. அதன் விலை 14,999 ரூபாய்! எளியோர்க்கென்று பிறந்த பெயர் மூன்றே ஆண்டில் நடுத்தர வகுப்பினரின் பையில் குடியேறிவிட்டது.

இவற்றினும் பெரிய தடை ஒன்று இருந்தது. கருவி ஆறாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தாலும், அதில் ஓட்ட இணையம் வேண்டுமே! தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி 2014-இல் ஒரு ஜிபி இணையத்தின் விலை சராசரியாக ஏறத்தாழ 269 ரூபாய். வண்டி மலிவு, எண்ணெய் விலையோ வானளாவியது. ஆகவே திறன்பேசி வாங்கிய பலரும் ‘டேட்டா'வை அணைத்து வைத்துவிட்டு, அதனைப் பழைய கருவி போலவே பேசுவதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் பயன்படுத்தினர். 2016 செப்டம்பர் 5-ஆம் நாள் ஜியோ நிறுவனம் தன் பணியைத் தொடங்கிச் சில மாதங்கள் இணையத்தை விலையின்றியே வழங்கியதும், ஏனைய நிறுவனங்களும் விலையை இறக்க நேர்ந்தது. 2018-இல் அதே ஒரு ஜிபி பன்னிரண்டு ரூபாய்க்கும் கீழே வந்தது. திறன்பேசியைப் பொதுமக்கள் உடைமையாக்கியது எந்தவொரு கருவியின் வெளியீட்டையும் விட இவ்விலைச் சரிவே என்பது எங்கள் துணிபு. போட்டியைத் தாங்கமாட்டாத நிறுவனங்கள் பல மறைந்தன, சில இணைந்தன என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அவ்விலையை யார் கொடுத்தார்கள் என்பது வேறொரு சொற்பொழிவுக்குரிய பொருள்.

அதே 2016-இல் யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறையும் வந்தது. சந்தைக்குள் கறிவேப்பிலை விற்கும் அம்மையார் ஒரு சதுரக் கட்டத்தை அட்டையில் ஒட்டி வைத்திருப்பதை நாள்தோறும் காண்கிறோம், விரித்துரைக்க வேண்டா. 2017 ஜூலையில் ஜியோ நிறுவனம் பொத்தான் உள்ள ஒரு கருவியை அறிவித்தது. 1,500 ரூபாயைத் திருப்பித் தரும் வைப்புத்தொகையாகப் பெற்றுக்கொண்டு அதனை வழங்கினார்கள். திறன்பேசியும் அன்று, பழைய பேசியும் அன்று. ஆனால் இணையம் உண்டு. தொடுதிரையைக் கண்டு அஞ்சிய முதியோர் பலர்க்கு அப்பொத்தான்களே ஏணியாயின.

இங்கே நம் நாட்டுப் பகுதியைப் பற்றி ஒரு சொல். தலைநகரில் அந்த 2014 விழா முடிந்து ஏழு கிழமைகள்கூட ஆகவில்லை. நவம்பர் முதல் நாள் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை நின்றது. 2006-இல் தொடங்கிய அவ்வாலையில், சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வந்து வேலை செய்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கானோர். கருவிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கிய அவ்வாலை மட்டும் விற்பனையில் சேராமல் விடப்பட்டது. மக்கள் கைக்குப் பேசியைக் கொடுத்த கைகள் அன்று வேலையற்று நின்றன. பின்னர் அவ்வளாகத்தைச் சால்காம்ப் என்னும் நிறுவனம் வாங்கியது. அப்பகுதியிலேயே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்களும் செய்யப்படலாயின. உலகின் விலையுயர்ந்த கருவி காஞ்சிபுரத்து மண்ணில் உருவாவது பெருமையே. அதனைச் செய்கின்ற பெண் அதனை வாங்க எத்தனை மாதச் சம்பளம் வேண்டும் என்பதையும் பெருமை பேசுவோர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, மொழி. விலையும் கட்டணமும் இறங்கினாலும், திரையிலுள்ள எழுத்து புரியாவிட்டால் கருவி கல்லே. இதனைத் தமிழ்ச் சங்கத்தில் சற்று விரிவாகச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு செய்தியில் 160 குறிகள் அடங்கும். தமிழில் அனுப்பினால் 70 மட்டுமே. அதிலும் ‘வந்துவிட்டோம்' என்று எழுதினால் நம் கணக்கில் எழுத்து ஏழு; கருவியின் கணக்கிலோ பதின்மூன்று. மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் தனித்தனி எண்ணாக அது கொள்கிறது. ஆகவே தாய்மொழியில் எழுதியவர்க்கு ஒரு செய்தி இரண்டு மூன்றாகி, அத்தனைக்கும் காசு போயிற்று. நம்மவர் ‘வந்தாச்சு' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியதற்கு மொழிப் பற்றின்மை காரணம் என்று பலர் ஏசினார்கள். பற்றை விடப் பணப்பை அங்கே வலிமையாயிருந்தது என்பதே உண்மை.

எழுத்தைக் காட்டுவதிலும் இடர் இருந்தது. ‘கொ' என்னும் எழுத்தைப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு ககரத்தின் முன்னே நிற்கிறது. கால் பின்னே நிற்கிறது. ஆயின் யூனிகோடு முறையில் கருவி ககரத்தை முதலில் வைத்து, ஒகரக் குறியை ஒரே குறியாகப் பின்னே வைத்துக்கொள்ளும். காட்டும்போது அக்குறியைப் பிளந்து ஒரு பகுதியை முன்னே கொண்டுவரும் அறிவு மென்பொருளுக்கு வேண்டும். தொடக்கக் கால ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில் அவ்வறிவு இல்லை. தமிழ்ச் செய்தி வந்தால் வெறுங்கட்டங்கள் வரிசையாக நின்றன, அல்லது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. இத்துறையில் முன்னோடியாக உழைத்தோருள் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனை நன்றியோடு நினைக்க வேண்டும். அவருடைய ‘செல்லினம்' 2005-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி செய்தது. 2014 இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு ஐந்தாம் பதிப்பில், கருவியின் பட்டியல்கள் முழுவதையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளும் வசதி சேர்ந்தது. 2017 ஆகஸ்டில் கூகிள் தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதும் வசதியையும் தந்தது. எழுத்தறியாத பாட்டி ஒருவர் ‘முருகன் பாட்டு' என்று கருவியை நோக்கிச் சொல்ல, பாட்டு வருகின்றது. அறுபது ஆண்டு முதியோர் கல்வி இயக்கங்கள் எட்டாத ஒரு வாயில் அங்கே திறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் திறந்த வாயிலில் எல்லாரும் நுழைந்துவிட்டனரா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய பெண்கள் இந்நாட்டில் நூற்றுக்கு 54 பேரே. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57 பேர். பெண்களோ 33 பேர். ‘வீட்டில் போன் இருக்கிறது' என்பதற்கும் ‘என்னிடம் போன் இருக்கிறது' என்பதற்கும் உள்ள தொலைவு அது.

2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடம் கைப்பேசிக்குள் வந்தபோது இத்தொலைவு நம் காலனியிலேயே கண்கூடாகத் தெரிந்தது. இங்குள்ள வீடுகளில் பணிபுரிந்து வாழும் தமிழ்க் குடும்பங்களும் நம்மவரே. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் கருவி ஒன்று. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் அது திரும்பியதும் யாருக்கு முதல் முறை? பெரும்பாலும் பையனுக்கு. பெண்பிள்ளை இரவு ஒன்பது மணிக்குமேல், பாடம் நடத்திய ஆசிரியர் உறங்கப்போன பின்னர், எழுதிப்போட்ட வினாக்களைப் பார்த்து விடை எழுதினாள். விலை, கட்டணம், மொழி ஆகிய எல்லாம் கூடிவந்த பின்னரும், வீட்டுக்குள்ளேயே ஒரு பங்கீடு நடக்கிறது. அதனைத் திருத்தும் கருவியை எந்த நிறுவனமும் மேடையில் வெளியிடப் போவதில்லை.

இன்னொன்று. பணமும் கைப்பேசியிலே புழங்கலானதும், ஏமாற்றுவோரும் அதற்குள்ளேயே புகுந்துவிட்டனர். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இரகசிய எண்ணைக் கேட்கும் குரல் இந்தியிலும் வருகிறது, ஆங்கிலத்திலும் வருகிறது. அவ்விரண்டிலும் தடுமாறும் நம் முதியோரே எளிதில் அகப்படுகின்றனர். அவர்களிடம் ‘கவனமாயிருங்கள்' என்று சொல்வதால் பயனில்லை. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையேயில்லை, கொடுப்பதற்கு மட்டுமே தேவை என்னும் ஒரு செய்தியைத் தமிழில், கருவியைக் கையில் கொடுத்து, இரண்டு மூன்று முறை செய்து காட்ட வேண்டும்.

அதற்காகவே செயற்குழு ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்துள்ளது. அடுத்த மாத முதல் ஞாயிறு தொடங்கி, ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குச் சங்க நூல்நிலைய அறையில் வகுப்பு நடக்கும். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் ஆறு பேர் கற்பிக்க முன்வந்திருக்கின்றனர். தமிழில் எழுதுதல், குரலால் தேடுதல், பணம் அனுப்புதல், ஊரிலுள்ள நிலத்தின் பட்டாவைப் பார்த்தல் ஆகியவற்றோடு தொடங்குவதாக எண்ணம். பெண்களுக்கும் அறுபது வயது கடந்தோருக்கும் முதலிடம். வீட்டுப் பணியில் உள்ள சகோதரிகள் நான்கு மணிக்கு வர இயலாது என்பதால், அவர்களுக்கென ஏழு மணிக்கு மற்றொரு வகுப்பு உண்டு. அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள் அன்று சற்று முன்னதாக விடுவிக்க வேண்டுகிறோம். வீட்டில் பயன்படாமல் கிடக்கும், ஆனால் நல்ல நிலையிலுள்ள பழைய கருவிகளைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், துடைத்துத் துப்புரவாக்கி, இல்லாத பெண்பிள்ளைகளுக்கு வழங்குவோம். கொடுக்குமுன் உள்ளிருக்கும் படங்களையும் கணக்குகளையும் நீக்கிவிடுங்கள்; நீக்கத் தெரியாதோர்க்கு அதுவே முதல் பாடமாகட்டும். பெயர் தருவோர் இன்றிரவு விருந்துக்கு முன்னரே செயலாளரிடம் தருக. வகுப்புக்கு வரும்போது சார்ஜரையும் உடன் கொண்டு வருக. நூல்நிலைய அறையில் பிளக்குகள் இரண்டே உள்ளன.